ஒருநாள் நகர்வலமும் ஸ்பெயின் தேசத்து ஆடலும்

கோலார் தங்கவயலில் வாழும் நமக்குப் பெங்களூர் என்பது பிழைப்புக்குச் செல்லும் ஊர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் இருள் பிரியுமுன் ரயிலேறி, இருட்டிய பின் வீடு திரும்புவது பல குடும்பங்களின் நித்திய வழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவை அன்றாடம் கடப்பவரிடம், அந்நகரின் சித்திரசாலைக்குள் ஒருநாளேனும் சென்றதுண்டா என்று வினவினால், பெரும்பாலும் புன்னகையே விடையாகக் கிடைக்கும். கலை என்பது ஓய்வும் செல்வமும் உடையோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஊன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குக் காட்டிவிடும்.

கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசினர் பொருட்காட்சிசாலை 1865-இல் தோன்றியது. புதுப்பிக்கும் வேலைகளுக்காக இத்தகைய இடங்களை மூடிவைப்பதும் உண்டாதலால், திறந்திருக்கிறதா என்று முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். அங்குள்ள பொருள்களுள் தமிழர் தவறாது காண வேண்டியது ஆதகூர்க் கல்வெட்டு. கி.பி. 949-ஐ ஒட்டிய காலத்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியை இக்கல் கூறுகிறது. அதனோடு, காளி என்னும் வேட்டை நாயின் கதையும் இதிலே உண்டு. போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பான், வேண்டிய பரிசைக் கேட்குமாறு தன் தலைவன் பூதுகன் பணித்தபோது, ஊரையோ பொன்னையோ கேளாமல் அந்நாயையே கேட்டுப் பெற்றான். காட்டுப் பன்றியொன்றோடு பொருது நாயும் பன்றியும் ஒருங்கே இறந்தன. அந்நாயின் நினைவாக நட்ட கல்லே இது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தை ரயிலில் கடந்து சொந்த ஊருக்குச் செல்வோர் நம்மில் உளர். அவர்கள் இக்கல்லின்முன் சற்றே நிற்கலாம்.

அடுத்து, அரண்மனைச் சாலையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம். 2009-இல் திறக்கப்பட்ட இக்கூடத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது அமைந்துள்ள மாளிகைக்கு மாணிக்கவேலு மாளிகை என்று பெயர். மாங்கனீஸ் சுரங்கத் தொழிலால் பொருளீட்டிய மாணிக்கவேலு முதலியாரின் இல்லமாக இருந்தது அது. மண்ணுக்கடியிலிருந்து செல்வம் ஈட்டியவர் வாழ்ந்த வீட்டில் இன்று ஓவியங்கள் வாழ்கின்றன என்பது நம் ஊராருக்கு ஒரு சுவையான செய்தியன்றோ? இங்கே எல்லாப் படங்களையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று விரைதல் கூடாது. மனத்துக்குப் பிடித்த மூன்று படங்களின்முன் பத்துப் பத்து நிமிடம் நின்றாலே போதும். நவீன ஓவியத்தைக் கண்டு, “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பதில் வெட்கமில்லை, கேட்டுவிட்டு உடனே நகர்ந்துவிடுவதில்தான் நட்டம்.

மாலைப் பொழுதுக்கு நாடகமோ நாட்டியமோ நகரில் கிடைக்கும். அயல்நாட்டுக் கலைஞர்களும் அவ்வப்போது வந்து ஆடுவர். ஸ்பெயின் தேசத்து ஃபிளமெங்கோ ஆடல் நடைபெறுமாயின், அதனை நழுவவிடலாகாது. காரணத்தைச் சொல்லுகிறோம்.

ஃபிளமெங்கோவுக்கு உயிர் பாட்டு. கிதாரும் ஆடலும் கைதட்டலும் அதைச் சூழ்ந்து நிற்பவை. நம் பரதத்தில் வெறும் பாதம் எழுப்பும் ஜதியை, அங்கே ஆணி அறைந்த காலணி பலகைமேல் எழுப்புகிறது. அவர்களுடைய புகழ்பெற்ற தாளமொன்று பன்னிரண்டு எண்ணிக்கை கொண்டது. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று தொடையில் தட்டிப் பார்த்தால் எளிதில் பிடிபடும். நாம் “பலே!” என்னுமிடத்தில் அவர்கள் “ஓலே!” என்பர்.

இக்கலையை வளர்த்தோருள் முதன்மையானவர் ரோமா மக்கள். அவர்கள் முன்னோர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவர்களது மொழியே காட்டிக்கொடுக்கிறது. 1425-இல் அவர்கள் ஸ்பெயின் மண்ணில் இருந்ததற்குச் சான்று உண்டு. 1749-இல் அரசாணையால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சிறைபிடிக்கப்பட்டு, ஆடவர் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். அத்தகையோர் குரலில் வளர்ந்த கலையை 2010-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமென ஏற்றுக்கொண்டது.

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது இக்கலையின் ஒரு கிளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்நாட்டின் தென்கிழக்கிலுள்ள லா உனியோன் என்னும் ஊரின் ஈயச் சுரங்கங்களுக்கு, அல்மேரியாப் பகுதியிலிருந்து ஏழைகள் குடிபெயர்ந்து வந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்து நம் பாட்டன்மார் ஊரிகம் வந்துகொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே காலம்தான். வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டையும் கொண்டுவந்தனர். அது சுரங்கத்தின் இருட்டையும் விபத்தையும் கூலியையும் பாடும் பாட்டாக மாறிற்று. ‘மினேரா’, ‘தரந்தா’ என்று அவற்றுக்குப் பெயர். தாளக்கட்டு இன்றி, நம் விருத்தம்போல் மூச்சின் நீளத்துக்கு இழுத்துப் பாடப்படுவன இவை; மொழி தெரியாதவரும் பொருளை உணரக்கூடும்.

அவ்வூரின் சுரங்கத் தொழிலும் பின்னர் ஓய்ந்தது. எனினும் 1961 முதல் ஆண்டுதோறும் அங்கே சுரங்கப் பாடல் விழா நடைபெறுகிறது. பழைய சந்தைக் கட்டடமே அரங்கம். முதற்பரிசாக அளிக்கப்படுவது ஒரு சுரங்க விளக்கு. பழைய சுரங்கமொன்றில் பார்வையாளர் உள்ளே இறங்கிக் காணவும் வழி செய்திருக்கிறார்கள்.

நம் சுரங்கங்களிலோ நீர் நிறைந்துவிட்டது. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்கள் மட்டும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அங்கே என்ன பாடினார்கள், ஷிஃப்டு முடிந்து ஏறியபின் லைனில் அமர்ந்து எதைப் பாடினார்கள் என்று, பெங்களூரிலிருந்து திரும்பும் மாலை ரயிலில் எதிரே அமர்ந்திருக்கும் பெரியவரைக் கேட்டுப் பார்க்கலாம். பங்காருப்பேட்டை வரும்வரை நேரம் இருக்கிறது.