கூட்டல் வாய்பாடு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றினர் நம் முன்னோர். எழுத்திற்கு முதற்படி நெடுங்கணக்கு; எண்ணிற்கு முதற்படி கூட்டல். எழுத்துகளை ஒவ்வொன்றாக நினைந்து தேடுபவன் ஒரு நூலைப் படித்து இன்புறுதல் இயலாது. அவ்வாறே, ஏழும் எட்டும் எத்துணை என்பதை ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணுபவன் பெருங்கணக்கு எதனையும் முட்டின்றிச் செய்தல் இயலாது.

மனம் ஒரே பொழுதில் பல சுமைகளைத் தாங்குவதில்லை. சிறுவன் ஒருவன் 47ஐயும் 38ஐயும் கூட்டத் தொடங்குகின்றான் என்று கொள்வோம். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தை எழுதி, ஒரு பத்தை அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். பதினைந்து என்பது நெஞ்சில் நின்றால், அவன் கருத்து முழுதும் பத்தைக் கொண்டு செல்வதில் ஊன்றும். விரல்களை மடக்கி எண்ணினாலோ, விடையைக் கண்டடைவதற்குள் அடுத்துச் செய்ய வேண்டுவதை மறந்துவிடுவான். பிழை பெருகப் பெருகக் கணக்கென்றாலே அச்சம் தோன்றும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தன்னையே இழித்துக்கொள்வான். குறை அவன் அறிவிலன்று. உறுதிபெறாத அடித்தளத்திலேயே உள்ளது.

இவ்வுண்மையை நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்னும் சுவடிகளை அக்காலப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். முதலாவது எண்களையும் பின்னங்களையும் கூட்டும் முறையையும், இரண்டாவது நெல் அளக்கும் முகத்தலளவைகளையும், மூன்றாவது பெருக்கலையும் கற்பித்தன. மணலில் விரலால் எழுதியும், ஒருவன் சொல்லப் பலர் தொடர்ந்து சொல்லியும் பயின்றனர். அப்பள்ளிகளில் பிரம்பும் இருந்தது. அதனை நாம் விட்டொழித்து, அவர்தம் பயிற்சியை மட்டும் கொள்வோமாக.

பொருளறியாது ஒப்பித்தல் கிளிப்பேச்சாகும். ஆதலின், முதலில் குழந்தையின் முன் புளியங்கொட்டைகளை வைத்தல் வேண்டும். மூன்றையும் நான்கையும் தன் கையாற் சேர்த்து ஏழாதலைக் கண்ட பின்னரே, ‘மூன்றும் நான்கும் ஏழு’ என்னும் சொல் உயிர் பெறும். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணுதலும் குற்றமன்று. அஃது ஏறுதற்குரிய படி. படியிலேயே நின்றுவிடுதல்தான் ஆகாது.

ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 81 கூட்டல்கள் உண்டாகும். இவற்றைக் கண்டு மலைக்க வேண்டா. மூன்றும் ஐந்தும் எட்டு எனின், ஐந்தும் மூன்றும் எட்டே. வரிசை மாறினும் தொகை மாறாமையால், 81 என்பது 45 ஆகச் சுருங்கும்.

இந்த 45இல், ஒன்றைக் கூட்டுவன 9. அடுத்த எண்ணே அவற்றின் விடை. மூன்றும் மூன்றும், நான்கும் நான்கும் என ஒரே எண் இரட்டித்து வருவனவற்றுள் எஞ்சியவை 8. இவை நாவில் எளிதிற் படியும். கூடிப் பத்தாவனவற்றுள் எஞ்சியவை 3. ஒன்பதைக் கூட்டுவனவற்றுள் எஞ்சியவை 7. பத்தைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் விடை கிடைக்கும். அடுத்தடுத்த எண்களாக வருவனவற்றுள் எஞ்சியவை 6; ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று அறிந்தவனுக்கு ஆறும் ஏழும் பதின்மூன்று என்பது அரிதன்று. இரண்டைக் கூட்டுவனவற்றுள் எஞ்சியவை 4.

இவை யாவும் நீங்க, மிஞ்சுவன எட்டே. மூன்றோடு ஐந்து, ஆறு, எட்டு; நான்கோடு ஏழு, எட்டு; ஐந்தோடு ஏழு, எட்டு; ஆறோடு எட்டு என்பன அவை. இவற்றுள் பத்தைக் கடப்பனவற்றிற்குப் பத்தையே இடைப்படியாகக் கொள்ளலாம். எட்டோடு ஐந்தைக் கூட்டுங்கால், ஐந்திலிருந்து இரண்டை எட்டிற்கு ஈந்தால் பத்து. எஞ்சிய மூன்றும் சேரப் பதின்மூன்று.

வழி அறிந்த பின் வேண்டுவது பயிற்சி. ஒரே நாளில் நெடுநேரம் வருத்துதலினும், நாள்தோறும் சிறுபொழுது பயிற்றுதல் நன்று. நாளொன்றுக்குப் புதியன இரண்டோ மூன்றோ போதும். முன் கற்றவற்றையும் இடையிடையே கலந்து கேட்டல் வேண்டும். குழந்தை விடையை மறந்தால் சினவாது, அதனைக் கண்டடையும் வழியை நினைவூட்டுதல் வேண்டும். விளையாட்டும் துணைசெய்யும். பத்துப் புளியங்கொட்டைகளுள் சிலவற்றைக் கைக்குள் மறைத்து, எஞ்சியவற்றைக் காட்டி, ‘மறைந்தவை எத்துணை?’ என்று கேட்டால், பத்தாகும் இணைகள் தாமே மனத்திற் பதியும்.

பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டமையின், இளஞ்சிறார்க்கு நேர்ந்த கற்றல் இடைவெளியைப் போக்கத் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. எனினும், பள்ளியில் விதைத்தது வீட்டிலும் நீர் பெறுதல் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கணக்கிற்கு அஞ்சும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். மாலையில் சிறிது பொழுது அக்குழந்தையின் அருகில் அமருங்கள். ஒரு பிடி புளியங்கொட்டையும் பொறுமையும் போதும். எஞ்சிய அந்த எட்டுக் கூட்டல்களும் அதன் நெஞ்சில் நிலைபெறும் நாளில், கணக்கின் மீதுள்ள அச்சமும் அகலும்.