கடைசி நாளுக்கு முன்பே

நோட்டீஸ் காலத்தைப் பலரும் வேலையை ஒப்படைப்பதிலும் பிரிவு விருந்திலும் கழித்துவிடுகிறார்கள். பழைய இடத்திலிருந்து ஒரு தாள் தேவைப்படுவது புதிய வேலையில் சேர்ந்து சில மாதம் ஆன பிறகுதான். அதற்குள் ஆபீஸ் மெயில் மூடப்பட்டிருக்கும், எச்.ஆரில் தெரிந்தவரும் வேறெங்கோ போயிருப்பார். வேலை மாறுகிறவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமைகள் குறைவில்லை. பழைய தொடர்பு அறுந்துபோவதால்தான் அவை கைக்கு வராமல் போகின்றன.

முதலில் செல்போன் எண்ணைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த சிம்மையே வங்கிக்கும் ஆதாருக்கும் பி.எஃப். கணக்குக்கும் கொடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஓ.டி.பி. உங்களுக்கு வராது. ஆபீஸ் மெயிலில் தொடங்கிய லிங்க்ட்இன் கணக்குக்கும் இதே கதிதான். பல வருடத்துத் தொழில் பழக்கம் ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே சொந்த எண்ணுக்கும் சொந்த மெயிலுக்கும் மாறிவிடுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் அவசரம் வேண்டாம். யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் எத்தனை கம்பெனி மாறினாலும் ஒன்றுதான். புதிய இடத்திலும் அதையே கொடுத்து, பழைய தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். 5 ஆண்டுப் பணிக்காலம் நிறைவதற்குள் எடுத்தால் பொதுவாக வருமான வரி உண்டு. ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், மாத ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுக் கணக்கும் போய்விடும். நீங்கள் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடிக்கிறதா? கடைசிச் சந்தா சேர்ந்து 2 மாதம் கழித்து, பி.எஃப். இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

சம்பளப் பாக்கியை 45 நாள் கழித்துத் தருவோம் என்பது கம்பெனிகளின் பழக்கம். ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் 2 வேலை நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுக்கச் சொல்கிறது. வராவிட்டால் முதலில் மெயிலில் கேளுங்கள். அடுத்து தொழிலாளர் துறையிடம் மனு கொடுங்கள்.

வேலையில் சேரும்போது எழுதிக் கொடுக்கும் பாண்டு பற்றிப் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்காவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்பது வேறு. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய சகாக்களை விட்டுவிடாதீர்கள். நீங்கள் அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று புதிய கம்பெனி விசாரிக்கும்போதும், சம்பளத் தகராறு வரும்போதும் பேசக்கூடியவர்கள் அவர்கள்தான். காரியம் இருக்கும்போது மட்டும் கூப்பிடாமல், அவர்களுக்கு வேலை தேவைப்படும் நேரத்தில் நீங்களும் உதவுங்கள். நட்பைத் தொடர எந்த ஒப்பந்தமும் தடையில்லை. ஆனால் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலையோ கோப்புகளையோ பென்டிரைவில் எடுத்துப் போனால் வழக்கு வரும்.

அந்த நட்பின் பெயரிலேயே மோசடியும் நடக்கிறது. தெரிந்தவர் கணக்கிலிருந்து வேலை இருப்பதாகச் செய்தி வந்து, பதிவுக் கட்டணம் கேட்டால், பணம் அனுப்பாமல் அவருக்கே போன் செய்து பேசுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு.