தண்ணீரில் கரையும் காந்தம்!

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை இரும்புத் தூளைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கரண்டி சுழலும் வரை தூளும் சுழலும். கரண்டியை எடுத்ததும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அப்படி உட்காராமல், காந்தத்தைத் தண்ணீரோடு தண்ணீராக நிற்க வைக்க முடியுமா?

முதலில் எண்ணெயில்தான் முடிந்தது. எடையற்ற வான வெளியில் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிக்குள் தாறுமாறாக மிதக்குமே, அதைக் காந்தத்தால் இழுத்து வர 1963-ல் வழி தேடினார், அமெரிக்க நாஸா ஸ்தாபனத்து என்ஜினீயர் ஸ்டீவ் பேப்பல். மாக்னடைட் என்னும் காந்தக் கல்லை எண்ணெயில் போட்டு, ஓலியிக் அமிலம் சேர்த்து, நாள் கணக்கில் அரைத்தார். காந்தத்துக்குக் கட்டுப்படும் கருந்திரவம் கிடைத்தது. ஆனால் நம் உடம்பில் ஓடுவது எண்ணெய் அல்லவே!

1981-ல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் ரெனே மாஸ்ஸார் அரைக்கும் வேலையே இல்லாத முறையை வெளியிட்டார். பெர்ரிக் குளோரைடு, பெர்ரஸ் குளோரைடு என்ற இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்து அம்மோனியாவுடன் சேர்த்தால், கண்ணெதிரே கறுப்பு வண்டல் திரளும். அதுவே மாக்னடைட். ஒவ்வொரு துகளும் ஒரு மில்லி மீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு பொடியாகிவிட்டால், தண்ணீரின் மூலக்கூறுகள் முட்டி மோதுவதே துகளைத் தாழவிடாமல் தாங்கும். ('கரைந்தது' என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான், உப்புக் கரைவது போல இது கரைவதில்லை.)

ஆபத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்தான். மாஸ்ஸார் அந்த வண்டலை அமிலத்தால் பக்குவப்படுத்தி, துகள்களின் மேல் மின்னேற்றம் ஏறச் செய்தார். ஒரே இன மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளுமல்லவா? தண்ணீரில் தனித்தனியே நின்றன. ரத்தத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது. ரத்தத்தில் உப்பு உண்டு; உப்பு அந்தத் தள்ளுதலை அடக்கிவிடும்.

ஆகவே துகளுக்குச் சட்டை போட வேண்டியதாயிற்று. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறு சில சமயம் கெட்டு வழவழவென்று ஆகிவிடும். அதற்குக் காரணமான டெக்ஸ்ட்ரான் என்ற பொருளே நல்ல சட்டையாக அமைந்தது! அந்தப் போர்வை தண்ணீரோடு உறவாடும். துகளைத் துகளோடு ஒட்டவிடாது.

இத்தகைய மருந்து ஒன்று 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலின் நல்ல பகுதி துகள்களை விழுங்கி எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துவிடும், விழுங்காத கட்டி வெளுப்பாகத் தனித்துத் தெரியும். பின்னர் அதன் தயாரிப்பு நின்றது. 2009-ல் வேறொரு சர்க்கரைப் போர்வையுடன் வந்த பெருமாக்சிடால், சிறுநீரக நோயாளிகளின் ரத்தச் சோகைக்கு இரும்புச் சத்தாகவே ஊசி மூலம் ஏற்றப்படுகிறது. சிலருக்கு உயிரையே பறிக்கக்கூடிய ஒவ்வாமை உண்டானதால், 2015-ல் மருந்துக்குக் கடும் எச்சரிக்கை விதித்தார்கள். மருந்தை ஊசியில் ஒரேயடியாகச் செலுத்தாமல், நீர்க்கச் செய்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றி முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் நோயாளியைக் கண்காணிக்க வேண்டும்.