சட்டென்று கொடுப்பவர் தாராளமானவரா?

கிள்ளானில் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் போடுகிறார்கள் என்று வையுங்கள். மாதம் ஆளுக்கு 200 வெள்ளி. முறை வரும்போது கையில் 2,000. முதல் மாதமே பணத்தை எடுத்தவர் மீதி ஒன்பது மாதமும் ஒழுங்காகக் கட்டுவாரா? எழுத்தில் எதுவும் இருக்காது, ஆள்மீது நம்பிக்கைதான். கூட்டு நிதியைத் தொழிலாக நடத்த 1971-லேயே மலேசியச் சட்டம் தடை போட்டது. ஆனாலும் வேண்டியவர்களுக்குள் வழக்கம் விட்டபாடில்லை.

பொருளியல் ஆய்வாளர்கள் இதே சிக்கலை விளையாட்டாக்கிப் பார்த்தார்கள். நான்கு பேர், ஆளுக்கு 40 அமெரிக்க சென். பொதுவில் போடும் காசு இரட்டிப்பாகி நால்வருக்கும் சமமாகப் பிரியும். போட்ட ஒரு சென்னில் போட்டவருக்குத் திரும்புவது அரை சென்தான். ஆகவே, போடாமல் பங்கு வாங்குபவருக்கே ஆதாயம்.

2012-இல் டேவிட் ராண்ட், ஜோஷுவா கிரீன், மார்ட்டின் நோவாக் மூவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: 10 வினாடிக்குள் முடிவெடுக்கச் சொன்னால் மனிதர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், நிதானமாக யோசிக்கச் சொன்னால் கை சுருங்குகிறது. கேட்க இனிமையான முடிவு. 2017-இல் 21 ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையை மீண்டும் நடத்தின. சொன்ன நேரக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்காதவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால் மட்டுமே வித்தியாசம் தெரிந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்படியானால் வேகம் எதைக் காட்டுகிறது? ராண்டே பங்கேற்ற 2015 ஆய்வு ஒன்றில், முழுவதையும் கொடுத்தவர்களும் சல்லிக்காசு கொடுக்காதவர்களும் விரைவாக முடிவெடுத்தார்கள். தாமதித்தவர்கள் அரையும் குறையுமாகக் கொடுத்தவர்கள். மனத்தில் இழுபறி இல்லாதவருக்கு நேரம் தேவைப்படவில்லை, கருமிக்கும் அப்படித்தான்.

கொடுப்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, அடுத்தவர் என்ன செய்வார் என்ற எதிர்பார்ப்புக்கு. 2001-இல் ஃபிஷ்பாக்கர், கெக்டர், ஃபேர் நடத்திய சோதனையில் பாதிப் பேர், மற்றவர் கூட்டினால் தாமும் கூட்டினார்கள், குறைத்தால் தாமும் குறைத்தார்கள். சுமார் 30 விழுக்காட்டினர் எதுவுமே போடவில்லை.

பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்குப் பெயராகியிருக்கும் மலேசிய இந்தியத் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் எதிர்கொண்டதும் இந்தப் பாதிப் பேரைத்தான் எனலாம். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். ஒரு தொழிலாளி கட்டி, பக்கத்து லயத்துக்காரர் கட்டாவிட்டால் தோட்டம் எங்கே வாங்குவது? மேடைப்பேச்சால் மட்டும் தீரும் சந்தேகமல்ல அது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் பங்கு கேட்டுப் போனவர்களிடம் காட்டுவதற்கு ஒரு தோட்டமே இருந்தது.