திரும்பத் திரும்ப எரியும் கார் ஃபியூஸ்

காரில் ஒரு ஃபியூஸ் ஒருமுறை எரிவது தற்செயலாக இருக்கலாம். அதே இடத்தில் இரண்டாவது முறையும் எரிந்தால், அந்த மின்சுற்றில் பழுது இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அளவுக்கு மீறி மின்சாரம் பாயும்போது, வயர் சூடேறித் தீப்பிடிக்கும் முன்பே தான் உருகி இணைப்பைத் துண்டிப்பதுதான் ஃபியூஸின் வேலை. எரிந்த ஃபியூஸை மாற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது.

நம்மூரில் இதற்குச் செய்யப்படும் வழக்கமான வைத்தியம்தான் ஆபத்தானது. பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு நிற்கவில்லை என்று மஞ்சளைச் செருகினால் அது எரியாமல் நின்றுவிடலாம். கோளாறு தீர்ந்ததாகவும் தோன்றும். ஆனால் அந்தச் சுற்றின் வயர் 10 ஆம்பியர் ஃபியூஸைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இனி உருகப்போவது வயர்தான். செம்புக் கம்பியையோ ஜிகினாத் தாளையோ சுற்றிச் செருகுவது இதைவிட மோசம். அதில் எந்த வரம்பும் இல்லை.

ஃபியூஸ் எப்போது எரிகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். செருகிய உடனே எரிந்தால், பேட்டரியிலிருந்து வரும் வயர் எங்கோ நேரடியாகக் காரின் உடல் தகட்டில் படுகிறது. ஒரு குறிப்பிட்ட சுவிட்சைப் போட்டதும் எரிந்தால் அந்த விளக்கு, மோட்டார், அல்லது அதற்குப் போகும் வயரைப் பார்க்க வேண்டும். சில நிமிடம் ஓடிய பின் எரிந்தால் அது பெரும்பாலும் கூடுதல் சுமை: வைப்பர் இறுகியிருக்கலாம், கண்ணாடி ஏற்றும் மோட்டார் திணறலாம். மேடுபள்ளத்தில் குலுங்கும்போதோ கதவைத் திறந்து மூடும்போதோ எரிந்தால், கதவுக் கீலுக்கும் டிக்கிக் கீலுக்கும் அருகே ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கித் தேய்ந்த வயரில் சந்தேகம் வைக்கலாம். எலி கடித்த வயரும் மழைநீர் இறங்கிய கனெக்டரும் அடிக்கடி அகப்படும் குற்றவாளிகள். சார்ஜர் சாக்கெட்டுக்குள் விழுந்த ஒரு நாணயம்கூடப் போதும்.

ஷார்ட்டைத் தேட, ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைப்பது எலக்ட்ரீஷியன்களின் பழைய உத்தி. ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அந்தச் சுற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதைக் கழற்றியதும் வெளிச்சம் குறைகிறதோ, பழுது அந்தக் கிளையில் இருக்கிறது. ஏர்பேக் சுற்றிலும், ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களிலும் இதைச் செய்யக் கூடாது. பயிற்சி பெற்றவர் மட்டுமே கைவைக்கலாம்.

வெளியில் பொருத்திய கூடுதல் சாதனங்களை முதலில் கழற்றிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதே இடத்தில் 100 வாட் போட்டால் 8 ஆம்பியரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் வரை ஏறுவதால் இன்னும் கூடும். ஃபாக் லைட், ஹாரன், ஸ்டீரியோ ஆகியவற்றுக்கு ரிலேயும் தனி ஃபியூஸும் வைக்காமல், இருக்கும் வயரை வெட்டி ஒட்டுவது வாரண்டிக்கும் வேட்டு வைக்கும். வயரிங் வெட்டப்பட்டதைக் காட்டி நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது வழி செய்யும்.

வெளி வேலை எதுவும் செய்யாத காரில், வாரண்டிக் காலத்துக்குள் இப்படி நேர்ந்தால் உரிமையாளர் வலுவான இடத்தில் இருக்கிறார். ஆனால் சான்று வேண்டும். ‘ஃபியூஸ் மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதப்பட்ட ஜாப் கார்டை ஏற்காமல், எத்தனையாவது முறை எரிந்தது, காரணம் என்ன கண்டறியப்பட்டது என்று எழுதச் சொல்ல வேண்டும். எரிந்த ஃபியூஸையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

சர்வீஸ் சென்டர் சரிசெய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஒரே மாடலில் பலருக்கும் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்கீழ் வண்டிகளைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிட முடியும்.

காப்பீட்டை நம்பி இருக்க முடியாது. சொந்தச் சேதத்துக்கான பாலிசி தீயையும் தானாகத் தீப்பற்றுவதையும் ஏற்கும்; வெறும் மின்பழுதை ஏற்காது. நுகர்வோர் ஆணையத்திலும் காலவரம்பு உண்டு: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.