அரிவாளுக்கு மெருகிடும் துணிச் சக்கரத்தின் அபாயம்

மின்சார மோட்டார் அமைந்த கொல்லுப்பட்டறைகளிலும், கருவிகளைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளும் சில பண்ணைகளிலும், துணி வட்டங்களை அடுக்கித் தைத்த மெருகுச் சக்கரம் இப்பொழுது காணப்படுகிறது. பட்டறைக்காரர் இதனைப் பாலிஷ் சக்கரம் என்பர். சாணைச் சக்கரத்தினிடம் ஜாக்கிரதையாயிருப்பவர்களுங்கூட, 'இது துணிதானே' என்று இதனிடத்தில் அலட்சியமாயிருக்கின்றனர். கத்தி செய்வோரோ தம் பட்டறையில் மிகவும் அஞ்சத்தக்க யந்திரம் இதுவே என்பர்.

சாணை இரும்பைத் தேய்க்கும். துணியோ அதைப் பற்றி இழுக்கும். 8 அங்குலச் சக்கரம் நிமிஷத்திற்கு 2,880 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிடுங்கப்பட்ட கத்தி அவ்வேகத்திலேயே எறியப்படும். 1,440 சுற்று மோட்டாரில் இவ்வேகம் பாதியாகும். நமது கருவிகளுக்கு அதுவே போதுமானது.

முக்கியமாகக் கவனிக்கவேண்டியது கத்தியைப் பிடிக்கும் விதம். சக்கரத்தின் முன்புறம் மேலிருந்து கீழ்நோக்கி ஓடவேண்டும். அச்சுக்குக் கீழுள்ள முன்பாகத்திலேயே, கூரான வாய் கீழ்நோக்கியிருக்கும்படி, கத்தியை மெதுவாக வைக்கவேண்டும். அப்பொழுது துணி முதுகிலிருந்து வாயை நோக்கி வழுக்கிச் செல்லும். தவறினாலும் கத்தி நம்மைவிட்டு அப்பால் கீழே விழும். வாயை மேல்நோக்கிப் பிடித்தால் சக்கரம் அதன்மேல் மோதி ஏறும். முனையும் அவ்வாறே. நடுப்பாகத்தில் தொடங்கி வெளிப்புறமாக நகர்த்தவேண்டுமேயன்றி, முனையிலிருந்து உள்ளே வரலாகாது. ஒரு பட்டறையில் அரிவாளின் வளைந்த மூக்கு துணியில் மாட்டிக்கொண்டதை நான் நேரில் கண்டேன். பிடித்திருந்தவர் நடந்ததை உணருமுன் அரிவாள் எதிரிலிருந்த பலகையில் பாய்ந்து நின்றது. அவ்விடத்தில் ஆளில்லாதது அதிர்ஷ்டமே.

ஆகையால் மெருகு முதலில், கூர் தீட்டுதல் கடைசியில் என்று வைத்துக்கொள்க. பற்களுள்ள கருக்கரிவாளைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது. திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர்பெற்றது மினுமினுப்பினாலன்று. வயலுக்குப் போகும் கருவிக்குக் கண்ணாடிபோன்ற மெருகு அவசியமென்று எனக்குத் தோன்றவில்லை.

மேல்துண்டு, தொங்கும் சட்டைக்கை, காப்பு, மோதிரம், அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு யந்திரத்தை அணுகலாகாது. துணிக் கையுறை பாதுகாப்பன்று. அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடியும் மூக்குமறைப்பும் அவசியம். அழுத்திப் பிடித்தால் இரும்பு காய்ந்து எஃகின் பதம் கெடுமாதலால், அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்க. உதிரும் பஞ்சுத்தூசியைத் தினந்தோறும் அகற்றுக. சாணையின் தீப்பொறி அதில் விழுந்தால் உள்ளே கனன்று, ஆளில்லாத வேளையில் பற்றிக்கொள்ளும்.

பலர் கூடிப் பயன்படுத்தும் பட்டறைகளில், சக்கரத்திற்கு நேர் எதிரே எவரும் நில்லாதபடி கோடு கிழித்து வைக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் சொல்வது நலம். ஸ்விட்ச் நிற்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். துணி கத்தியைப் பற்றிவிட்டால் இழுத்துப் பிடிக்க முயலாமல் உடனே கைவிட்டுப் பின்வாங்கவேண்டும்; சக்கரம் முற்றிலும் நின்றபின்னரே அதனை எடுக்கலாம்.