ஆப்பில் ‘பாசனம் முடிந்தது’... தோட்டத்தில் மண் ஏன் காய்கிறது?

வாரநாளில் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சனிக்கிழமை தளி பக்கம் தோட்டம். ஓசூரைச் சுற்றி இப்படி வாழ்பவர்களுக்குத் தானியங்கி பாசன கன்ட்ரோலர் பெரிய நிம்மதி. போனைப் பார்த்தால் ‘பாசனம் முடிந்தது’ என்கிறது. சனிக்கிழமை நேரில் போனால் ரோஜாச் செடி தலை தொங்கி நிற்கிறது!

பசுமைக்குடிலுக்குள் மழை விழாது. சொட்டுநீர் நின்றால் செடிக்கு வேறு வழியில்லை. காதலர் தினத்தைக் குறிவைத்து டிசம்பரில் கவாத்து செய்த தாஜ்மஹால் ரோஜா மொட்டு கட்டும் நேரம் என்றால் இழப்பு இன்னும் அதிகம். பூவின் விலை காம்பின் நீளத்தைப் பொறுத்தது. தண்ணீர் குறைந்தால் காம்பு குட்டையாகிவிடும்.

அப்படியானால் கன்ட்ரோலர் பொய் சொல்கிறதா? இல்லை. சாதாரண டைமர் வகை கன்ட்ரோலருக்கு நிமிடக் கணக்கு மட்டும்தான் தெரியும். ஆறு மணிக்கு வால்வைத் திற, ஆறரைக்கு மூடு, அவ்வளவுதான். இடையில் குழாயில் தண்ணீர் வந்ததா என்று அது பார்ப்பதில்லை.

எனவே சந்தேகத்தை கரன்ட்டிலிருந்து தொடங்குங்கள். கன்ட்ரோலர் ஓட ஒருமுனை மின்சாரம் போதும். போர்வெல் மோட்டாருக்கு மும்முனை வேண்டும். ஒரு பேஸ் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரில் உள்ள பிரிவென்டர் மோட்டாரை ஓட விடாது. வால்வு மட்டும் திறந்து, அரை மணி நேரம் சும்மா காத்திருந்து, மூடிக்கொள்ளும். உங்கள் ஊரில் மும்முனை வரும் நேரமும் ப்ரோகிராம் நேரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கடிகாரம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தால், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பல மாடல்களில் நேரம் மாறிவிடும். சிலவற்றில் நீங்கள் போட்ட ப்ரோகிராமே அழிந்து, கம்பெனி அமைப்புக்குத் திரும்பிவிடும். ‘எவனோ மாத்திட்டான்’ என்று வேலையாள் மீது கோபப்படும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

ஒரே ஒரு வால்வில் மட்டும் தண்ணீர் வரவில்லையா? மோட்டார் ஓடும்போது அந்த வால்வின் மேலுள்ள சின்ன ஸ்க்ரூவைக் கையால் கால் சுற்று திறங்கள். தண்ணீர் பாய்ந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. கோளாறு மின்சாரப் பக்கம். இங்கே மல்டிமீட்டர் வேண்டும். அந்த வால்வை ஓட விட்டு, கன்ட்ரோலரில் காமன் முனைக்கும் வால்வு முனைக்கும் இடையே அளந்தால் சுமார் 24 வோல்ட் ஏசி காட்ட வேண்டும். பிறகு கன்ட்ரோலரை அணைத்து, வயரைக் கழற்றி, காயிலின் ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலும் 20 முதல் 60க்குள் இருக்கும். எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். பியூஸ் திரும்பத் திரும்பப் போவதற்கும் இந்த ஷார்ட்தான் காரணமாக இருக்கும். அதை விட்டுவிட்டு பியூஸை மட்டும் மாற்றுவது வீண் செலவு. (பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலர்களின் காயில் வேறு வகை, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.) ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் எலக்ட்ரீஷியன் இல்லாமல் தொடாதீர்கள்.

வால்வு மூடவே மாட்டேன் என்றால் உள்ளே டயஃப்ரத்தில் மணலோ பாசியோ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவினால் போதும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் மீட்டர்களில் வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் ஃபில்டரும் அடைத்திருக்கிறது.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு. சிம் போட்ட கன்ட்ரோலர் சில நேரம் கர்நாடகப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அதில் ரோமிங் அணைந்திருந்தால் ஆப் பழைய தகவலையே காட்டிக்கொண்டிருக்கும். சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தாலும் இதே கதைதான்.

இத்தனையும் பார்த்த பிறகு, டிரான்ஸ்ஃபார்மரில் 24 வோல்ட் இருந்தும் வால்வு முனைகள் எதிலும் வரவில்லை என்றால்தான் போர்டு மீது சந்தேகப்பட வேண்டும். டிஸ்பிளேயில் தெரியும் எரர் குறியீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் பேசுங்கள். அப்போதே மெயின் குழாயில் ஒரு பிரஷர் சுவிட்ச் மாட்ட முடியுமா என்றும் கேளுங்கள். அதை ஏற்கும் மாடலாக இருந்தால், தண்ணீர் வராத நாளில் போனுக்கு எச்சரிக்கை வரும்.